கொல்லையில் மரவேலை: ஒரே தோட்டத்தை இரண்டு தடவை கட்டிய கதை

பின்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெஞ்சு. தேன் நிறம், மேலே பளபளவென்று வார்னிஷ். அதற்குப் பின்னால் நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு வளைவு, வெளிறிய மஞ்சள். இடப்பக்கம் பந்தல், அது லேசான பச்சை. சுவரோரம் நானே செய்த செடித்தொட்டிகள், சாம்பல் நிறம். கடைசியில் ஒரு மறைப்புத் தட்டி, சிவந்த பழுப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இதுல எதை வைச்சுக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்டார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். மாதிரிக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று நினைத்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நிலைக்கு வர எனக்கு 14 மாதம் ஆகியிருந்தது. அதைக் கலைத்து மறுபடி கட்ட இன்னும் 7 மாதம். மொத்தமாகப் போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமாக வீண். இதில் என் உழைப்பைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் அழுகை வரும். நான் செய்த தப்பு எதுவும் பெரிய ரகசியம் இல்லை, மரம் அறிந்த யாரைக் கேட்டிருந்தாலும் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் யாரையும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொடங்கியது பெஞ்சில்தான். காலியாகக் கிடந்த கொல்லையில் உட்கார ஏதாவது வேண்டும் என்று ஒன்று வாங்கிப் போட்டேன். நன்றாக இருந்தது. பெஞ்சு இருக்கிறதே, நடந்துவர ஒரு பாதை போடலாம் என்று தோன்றியது, பாதை போட்டதும் அதன் தலையில் ஒரு வளைவு இருந்தால் கொடி ஏற்றலாமே என்று ஆசை வந்தது. வளைவைத் தயாராக விற்கிறார்கள், பைன் மரத்தில், பெட்டியில் பிரித்து வரும், நாமே பூட்டிக்கொள்ளலாம். அப்புறம் பந்தல். அதை மட்டும் நானே செய்யப் பயந்து ஒரு ஒப்பந்தக்காரரிடம் விட்டேன், அவர் மருந்தேற்றிய மரத்தில், அதாவது உளுக்காமல் இருக்க மருந்தை உள்ளே செலுத்திய மரத்தில், இரண்டு நாளில் நிறுத்திவிட்டுப் போனார். கையில் பணம் குறைந்ததும் செடித்தொட்டிகளுக்குப் பழைய கட்டடத்தில் கழற்றிய பலகைகளை வாங்கினேன். கடைசியாக, தண்ணீர்த்தொட்டியை மறைக்க ஒரு தட்டி, அதற்குத் தேக்கு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம். ஒவ்வொன்றையும் வாங்கும்போது அந்த ஒன்று எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன். ஏற்கெனவே நிற்கிற பொருளின் பக்கத்தில் இது எப்படி நிற்கும் என்ற கேள்வியே மனதில் எழவில்லை. எல்லாம் மரம்தானே, மரத்தோடு மரம் ஒட்டாமலா போகும் என்று இருந்துவிட்டேன்.

உறவுக்காரர் அப்படிக் கேட்ட மறுவாரம் நான் செய்த வேலை இருக்கிறதே, அதுதான் உச்சம். எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தைப் பூசிவிட்டால் ஒரே குடும்பமாகிவிடும் என்று முடிவு செய்து, அடர்பழுப்பு மரச்சாயம் பெரிய டின்னாக வாங்கிவந்து, ஒரு வார இறுதி முழுக்கத் தனியாகப் பூசினேன். ஞாயிறு சாயங்காலம் தூரிகையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஐந்தும் ஐந்து விதமாக நிற்கின்றன. பெஞ்சில் வார்னிஷ் இருந்ததால் சாயம் உள்ளே இறங்க வழியே இல்லை, மேலே பிசுபிசுவென்று உட்கார்ந்துகொண்டு பத்து நாள் ஆகியும் காயவில்லை. பைன் வளைவு திட்டுத்திட்டாகக் குடித்திருந்தது, கணு இருக்கும் இடமெல்லாம் வெளுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது. பந்தலில் மருந்தின் பச்சை, பழுப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்து, பாசி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் நரைத்த பழைய பலகைகள் உறிஞ்சு தாள் மாதிரி குடித்துக் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டன. தேக்கு இயல்பிலேயே எண்ணெய்ப் பசை உள்ளது, அதில் சாயம் சரியாக ஏறவே இல்லை, துடைத்தால் துணியோடு வந்தது.

சாயம் பெயின்ட் மாதிரி மூடாது. அடியில் இருக்கும் மரத்தின் நிறமும் அதன் உறிஞ்சும் குணமும் சேர்ந்துதான் கடைசி நிறம் வரும். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. டின்னின் மூடியில் ஒட்டியிருக்கும் நிற அட்டை ஏதோ ஒரு மரத்தில் பூசி எடுத்த படம், உங்கள் மரத்தில் அது வராது. பூசுவதற்கு முன் அந்தந்த மரத்தின் வெட்டுத் துண்டில் ஒரு கை, இரண்டு கை பூசி, இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த டின்னையே திறந்திருக்க மாட்டேன். மருந்தேற்றிய புது மரத்துக்கு இன்னொரு சோதனை உண்டு: நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் மரம் இன்னும் ஈரம், சாயம் ஏறாது. சில நிமிஷத்தில் உள்ளே இழுத்துக்கொண்டால் பூசலாம்.

அடுத்து மழை வந்தது. முதல் மழைக்குப் பிறகு, செடித்தொட்டியில் ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கறுப்பாக ஒரு கோடு, கண்மை கரைந்து வழிந்த மாதிரி. அழுக்கு என்று தேய்த்தேன், போகவில்லை. துவர்ப்பு அதிகமுள்ள மரத்தில் சாதாரண இரும்பு ஆணி அடித்து நனையவிட்டால் இப்படித்தான் ஆகும், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடி மையே உண்டாகிவிடுகிறது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டால் கறுப்பதும் இதே கதைதான். ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் கழுவினால் கறை போகும், ஆனால் அது விஷம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது. அப்படிக் கழுவினாலும் ஆணியை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்குக் கறை திரும்ப வந்துவிடும். எனக்கு வந்தது.

பந்தல் ஆடத் தொடங்கியபோதுதான் நிஜமாகவே பயந்தேன். காற்றடித்தால் ஒரு மூலை கிறீச்சென்று சத்தம் போட்டது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால் வருகிறேன், வருகிறேன் என்று மூன்று மாதம் ஓட்டினார். கடைசியில் தெரிந்தவர் மூலமாக வயதான தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். பந்தலை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகத் தூணின் அடியில் குந்தி, பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காங்கிரீட்டை ஒட்டிய இடத்தில் குத்தினார். கேக்கில் குத்தியது மாதிரி இரண்டு விரற்கடை உள்ளே போனது. "யாரும்மா இதை நட்டது?" என்றார். சொன்னேன். "தூணைக் குழியில விட்டுச் சுத்திக் காங்கிரீட்டு ஊத்தியிருக்காங்க. மரம் காய்ஞ்சா ஒடுங்கும், காங்கிரீட்டு ஒடுங்காது. நடுவுல விழுற சந்துல தண்ணி நிக்கும். கிண்ணத்துல ஊற வைச்ச மாதிரிதான்." நான், "மருந்தேத்தின மரம் ஐயா, உளுக்காதுன்னு சொன்னாங்களே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "மருந்து வெளியில அரை விரக்கடை இருக்கும்மா. நீளம் சரிபண்ண அடியில அறுத்தாங்கல்ல, அறுத்த முனையில மருந்து ஏது?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கூலி கொடுத்திருக்கலாம். மரத்தின் வெட்டு முனை என்பது நெருக்கி வைத்த உறிஞ்சு குழாய்க் கட்டு மாதிரி, பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு வேகமாக அது தண்ணீரை இழுக்கும். மருந்தேற்றிய மரமானாலும் அறுத்த ஒவ்வொரு முனைக்கும் மறுபடி மருந்து தடவ வேண்டும், அறுத்த முனையை மண்ணுக்குள் விடவே கூடாது. தரைமட்டத்தில்தான் தூண் முதலில் உளுக்கும், ஏனென்றால் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது அங்கேதான். வழி எளிது: காங்கிரீட்டில் இரும்புக் கொண்டி, அதாவது துத்தநாக முலாம் பூசிய தூண்செருப்பு ஒன்றைப் பதித்து, மரத்தை அதன் மேல் தரையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடையாவது தூக்கி நிறுத்த வேண்டும். காங்கிரீட்டின் மேற்புறம் தண்ணீர் ஓடும்படி சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். கரையான் ஏறினாலும் அந்த இடைவெளியில் மண்கோடு கண்ணுக்குத் தெரியும்.

மருந்து என்றதும் இன்னொன்று. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து 1933இல் சோன்டி காமேசன் என்ற இந்திய விஞ்ஞானி கண்டுபிடித்தது. உலகம் முழுக்க மரத்தூண்களைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் பழைய மரம் வாங்கும்போது அது பச்சையடித்திருந்தால், எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால், கீரை காய் வளர்க்கும் தொட்டிக்கு எடுக்காதீர்கள். அந்த மரத்துண்டை அடுப்பிலும் போடக்கூடாது, சாம்பலிலும் புகையிலும் நஞ்சு இருக்கும். நான் வாங்கிய பழைய பலகையில் மருந்து இல்லை, ஆனால் உள்ளே புதைந்திருந்த ஆணி இரண்டு ரம்ப பிளேடைத் தின்றுவிட்டது. மலிவு என்று வாங்கியதன் கணக்கு அதோடு நேராகிவிட்டது.

சரி, கலைக்க முடிவு செய்தோம். "செய்தோம்" என்பது நானும் தச்சரும். அவர் முதலில் என்னிடம் கேட்டது: "உங்களுக்கு எந்த நிறம் வேணும்னு கேக்கல, தூணு எத்தனை கனம்?" எனக்குப் புரியவில்லை. டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் அளக்கச் சொன்னார். வளைவின் கால் 45 மி.மீ. பந்தல் தூண் 75. அதே பந்தலின் உத்திரம் 150. பெஞ்சின் கால் 60. தொட்டியின் மூலைக்கட்டை 100. தட்டியில் ரீப்பர் 25 அகலம், இடைவெளி 40. தொட்டியில் பலகை 140 அகலம், இடைவெளியே இல்லை. காகிதத்தில் எண்களாக எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் உறுத்தியது எது என்று பிடிபட்டது. ஐந்தையும் ஒரே மரத்தில் செய்து ஒரே நிறம் அடித்திருந்தாலும் அவை ஒட்டியிருக்காது, ஏனென்றால் ஒன்றின் அளவு இன்னொன்றில் எங்குமே இல்லை. இரண்டே முக்கால் மீட்டர் உயரப் பந்தலுக்கு 75 மி.மீ. தூண், கொசுவுக்குக் கால் வைத்த மாதிரி நின்றிருக்கிறது, நான் மாதக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே ஏதோ சரியில்லை, ஏதோ சரியில்லை என்று சாயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் மீதி எல்லாத் தப்பையும் நான் சமாளித்திருப்பேன். நிறம் எப்படியும் மாறும். வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினை அரித்துவிடும், மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும், எந்த மரமானாலும் கவனிக்காமல் விட்டால் கடைசியில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். மாறாமல் நிற்பது அளவும் வெட்டும்தான். அதனால் நாங்கள் நாலே நாலு விஷயத்தைத் தீர்மானித்துக்கொண்டோம். நிற்பது எல்லாம் 100 மி.மீ. சதுரம், பெஞ்சுக்கும் தொட்டிக்கும் மட்டும் அதில் பாதி. குறுக்கே ஓடும் சட்டம் எதுவானாலும் 45 அகலம், 15 இடைவெளி, தட்டியாகட்டும், பெஞ்சின் இருக்கையாகட்டும், தொட்டியின் பக்கமாகட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமர முனைகள், பெஞ்சின் கைப்பிடி முனை, வளைவின் மேல்கட்டை முனை எல்லாவற்றுக்கும் ஒரே வெட்டு. நாலாவது, உயரம்: பந்தல் உத்திரத்தின் அடிப்பகுதியும் வளைவின் மேல்கட்டையும் வீட்டு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் கட்டையின் மட்டத்தில். கடைசியில் சொன்னது தச்சரின் யோசனை. ரசமட்டத்தை வைத்து ஜன்னலிலிருந்து கயிறு இழுத்துக் காட்டினார், கொல்லை முழுக்க ஒரு கோடு ஓடியதும் வீடும் தோட்டமும் ஒரே கையால் கட்டியது மாதிரி ஆகிவிட்டது.

முனை வெட்டுக்கு அட்டையில் ஒரு மாதிரி வெட்டிக் கொடுத்தார். கீழே ஒரு கால் வட்டம், அதற்கு மேல் ஒரு விரற்கடை நேர் வெட்டு, அவ்வளவுதான். அந்த அட்டையை எங்கே போனாலும் கையில் வைத்திருந்தேன். 38 முனைகள். பென்சிலால் வரைந்து, ஜிக்சாவில் அறுத்து, உப்புத்தாள் சுற்றிய கட்டையால் தேய்த்து முடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. முதல் மூன்று முனை கோணல். அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டோம், எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

கட்டுவதற்கு முன் மாதிரி நிறுத்திப் பாருங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது. முதலில் கட்டத்தாளில் இரண்டு செ.மீ.க்கு ஒரு மீட்டர் என்று வரைந்தேன், தாளில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் மூங்கில் கழிகளைத் தூண் இருக்கும் இடத்தில் நட்டு, மேலே கயிறு கட்டி, தட்டி வரும் இடத்தில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு ஒரு வாரம் அப்படியே விட்டேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் போர்வை தண்ணீர்த்தொட்டியை மறைக்கவே இல்லை, அரை மீட்டர் தள்ள வேண்டியிருந்தது. வளைவுக்கு அடியில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடித்தது. ஒருவர் போக 90 செ.மீ. போதும், இருவர் சேர்ந்து நடக்க 120 வேண்டும், அதுவும் இருபக்கமும் கொடி ஏறி உள்ளே நீட்டும் இடத்தைக் கழித்த பிறகு. பெஞ்சு உயரம் 45 செ.மீ. இதெல்லாம் புத்தக அளவுதான், ஆனால் கழியை நட்டு நடந்து பார்க்கும்வரை உடம்புக்குத் தெரியாது. கழிக்கும் கயிற்றுக்கும் ஆன செலவு ஒரு டின் சாயத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நிழல் விஷயத்திலும் முன்னால் ஏமாந்திருந்தேன். பழைய பந்தலில் மேல் சட்டங்கள் வடக்கு தெற்காக ஓடின. காலையிலும் சாயங்காலமும் நல்ல நிழல், பன்னிரண்டு மணிக்கு மட்டும் வெயில் சட்டத்துக்குச் சட்டம் நடுவே நேராக இறங்கும். நான் உட்கார நினைத்ததே அந்த மதிய நேரத்துக்குத்தான்! உச்சிப்பொழுதில் சூரியன் வடக்கு தெற்குக் கோட்டிலேயே நிற்கும், அதனால் அந்தக் கோட்டிலேயே ஓடும் சட்டம் அதை மறைக்காது. மதிய நிழல் வேண்டும் என்றால் சட்டம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். சட்டத்தின் ஆழமும் இடைவெளியும் சமமாக இருந்தால் குறுக்கே 45 பாகை சாய்வில் வரும் வெயில் மொத்தமும் தடுக்கப்படும். சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் நாட்களில் எந்தத் திசையும் உதவாது, மேலே கொடிதான் படர வேண்டும்.

மரம் வாங்கிய கதைக்கு வருகிறேன். எந்த மரம் என்று கேட்பீர்கள். கிடைப்பதையும் கைப்பணத்தையும் பொறுத்தது அது, பெயரைவிட வைரமா வெள்ளையா, அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியா வெளி ஓரமா என்று பார்ப்பது முக்கியம். ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈஎன் 350 மரங்களை 1 முதல் 5 வரை உளுக்காத தன்மையின்படி பிரிக்கிறது, 1 என்றால் மிக உறுதி, 5 என்றால் உறுதியே இல்லை. நன்கு முதிர்ந்த தேக்கு 1இல் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கு நடுவிலுள்ள வைரத்துக்கு மட்டும்தான், எந்த மரமானாலும் அதன் வெள்ளைப்பகுதி 5ஆகத்தான் கொள்ளப்படும். அதாவது, தேக்கு என்ற பெயரில் வெள்ளை ஓரம் ஓடும் சட்டத்தை வாங்கினால் பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறோம். என் பழைய தட்டியில் பாதி அப்படித்தான் இருந்தது.

எல்லா மரத்தையும் ஒரே தடவையில், ஒரே அடுக்கிலிருந்து வாங்கினேன். அடுத்த மாதம் போனால் அதே மரம் வேறு நிறத்தில், வேறு ஈரத்தில் இருக்கும். கணக்குக்கு மேல் பத்தில் ஒன்றரைப் பங்கு கூடுதலாக வாங்கினேன், கணு விழுந்தது, முறுக்கியது என்று கழிப்பதற்கு அது சரியாக இருந்தது. ஈரமானியை வைத்துக் குத்திப் பார்த்தோம், 20 சதவீதத்துக்கு மேல் காட்டியதைத் திருப்பிவிட்டோம், பூஞ்சைக்கு அந்த ஈரம் போதும். பச்சை மரம் காயும்போது 15 செ.மீ. அகலப் பலகை அரை செ.மீ.க்கு மேல்கூட ஒடுங்கும், அகலவாக்கில்தான், நீளத்தில் அவ்வளவாக மாறாது. 15 மி.மீ. இடைவெளி என்று பார்த்துப் பார்த்து அடித்தது பிறகு அகன்று நின்றால் யாரை நோவது? கொண்டுவந்த மரத்தை நடுநடுவே ரீப்பர் கொடுத்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு ஆறு வாரம் வைத்தோம். அந்த ஆறு வாரம் எனக்குப் பொறுமையே இல்லை. தினமும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். தச்சர் போனில், "மரம் எங்கயும் ஓடிப்போகாதும்மா" என்பார்.

ஆணி, ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. 304 தரம் போதும், கடல் காற்று படும் இடத்தில் 316. இதில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள், நான் கஞ்சத்தனம் செய்துதான் அந்தக் கறுப்புக் கண்ணீரைப் பார்த்தேன். வைரமுள்ள மரத்தில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் ஒன்று மரம் வெடிக்கும், இல்லை ஸ்க்ரூவின் தலை அறுந்துபோகும். தலைகள் எல்லாம் ஒரே கோட்டில் வர ஒரு ரீப்பர் துண்டில் இரண்டு துளை போட்டு வைத்துக்கொண்டு, அதை நகர்த்தி நகர்த்திக் குறித்தேன். பக்கத்தில் போய் நின்றால் அந்தக் கோடு கண்ணுக்கு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம் என்று ஒரேயடியாக விட்டுவிட்டேன். மழையில் மரம் விரியும், வெயிலில் ஒடுங்கும், மேலே இருக்கும் படலம் கூடவே போகாமல் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தால்தான் அடுத்த பூச்சு. உள்ளே இறங்கும் எண்ணெய்ப் பூச்சு அப்படி உரிவதில்லை, மங்கும், கழுவி உலர்த்திவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். கொஞ்சமாவது நிறமி கலந்ததாகப் பாருங்கள், வெயிலைத் தடுப்பது அந்த நிறமிதான், தெளிந்த எண்ணெய் தனியாக அதைச் செய்யாது. பூட்டிய பிறகு பூசாமல் சட்டங்களை முட்டுக்கட்டை மேல் வரிசையாகப் போட்டு நாலு பக்கமும் பூசிவிட்டுப் பூட்டினோம், வெட்டு முனைகளுக்கு மட்டும் குடிக்கக் குடிக்க மூன்று கை. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடேறும், சுருட்டிய துணியில் சூடு வெளியேறாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள். என் வீட்டில் எதுவும் எரியவில்லை, ஆனால் முதல் தடவை நான் வைத்திருந்த துணிப் பந்து எங்கே இருந்தது என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. சமையலறை அலமாரிக்கு அடியில்.

கொடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வளைவில் வேகமாக ஏறும் கனமான கொடி ஒன்றை ஏற்றி, மழையில் நனைந்த பாரத்தில் அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. 45 மி.மீ. காலுக்கு அந்தப் பாரம் எங்கே தாங்கும்? இப்போது லேசான கொடி தட்டியில், கனமானது பந்தல் தூணில். தட்டியைச் சுவரோடு ஆணியடித்து ஒட்டாமல் கொக்கியில் மாட்டியிருக்கிறேன், இரண்டு விரற்கடை தள்ளி. பூசும் காலம் வந்தால் கொடியோடு சேர்த்து முன்னால் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். தொட்டிகளின் உட்பக்கம் தடித்த பிளாஸ்டிக் ஷீட், அடிப்பக்கம் திறப்பு, கீழே சரளைக்கல். ஈர மண் நேராக மரத்தில் படக்கூடாது, அவ்வளவே. அகலம் 120 செ.மீ.க்கு மேல் வேண்டாம், இரு பக்கமும் கை எட்ட வேண்டும். சுவரோரம் என்றால் 60.

பழையதில் எதெல்லாம் தேறியது என்றால், பந்தலின் உத்திரங்களை அறுத்துத் தொட்டிகளுக்கு அடியில் முட்டுக்கட்டையாக வைத்தோம், வெட்டிய முனைகளுக்கு மருந்து தடவித்தான். தேக்கு ரீப்பரில் வைரமானவற்றைப் பொறுக்கி எடுத்து ஒரு சின்ன மேசைக்குத் தச்சர் வாங்கிக்கொண்டார், கூலியில் கழித்துக்கொண்டார். வளைவு விறகு. பெஞ்சை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. விற்கப் பார்த்தேன், அந்தப் பிசுபிசுப்பைப் பார்த்து யாரும் வாங்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்தேன், பிறகு ஒருநாள் சுரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயம், அதற்கடியில் வார்னிஷ், அதற்கடியில் மரம் என்று மூன்று நாள் சுரண்டினேன். அதன் கால் இன்னும் 60 மி.மீ.தான், கைப்பிடி முனையில் எங்கள் கால் வட்டம் இல்லை. மதிலோரம் செம்பருத்திக்குப் பின்னால், மற்ற எதுவும் கண்ணில் படாத மூலையில் போட்டிருக்கிறேன், பூச்சு எதுவும் இல்லாமல். இப்போது நரைக்கத் தொடங்கியிருக்கிறது. தச்சர் வரும்போதெல்லாம் பந்தலுக்குக் கீழே புதுப் பெஞ்சு இருந்தும் நேரே போய் அதில்தான் உட்காருகிறார்.